லாக்டோமீட்டரை ஏமாற்றிய பால்

எங்கள் வீட்டில் மஞ்சள் காமாலை வந்தது எனக்கு மட்டும்தான். 1990ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போனது. அம்மாயி வாய்க்கால் வரப்பில் கீழாநெல்லி பிடுங்கி வந்து வேரோடு அரைத்து, ஆட்டுப்பாலில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்க வைத்தார். உப்பில்லை, புளியில்லை, எண்ணெயில்லை. பார்க்க வந்த பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, நான் அங்கே இல்லாததுபோல என்னைப் பற்றிப் பேசினார்கள். "அம்மிணிக்கு உடம்பு வாகு போதாது. பையனைப் பாருங்கள், இரும்பு" என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பையன் என்றால் என் தம்பி, நான்கு வயது. நான் குடித்த கிணற்றுத் தண்ணீரையே குடித்து, என் தட்டிலேயே கைவைத்துச் சாப்பிட்டு, ஒரு தும்மல்கூட இல்லாமல் கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தான்.

பத்தொன்பது வருடம் கழித்து அந்த இரும்பின் ரத்தம் என் மேசைக்கு வந்தது.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் அப்போது ஏழு வருட டெக்னீஷியன். உறவினர் ஒருவரின் அறுவை சிகிச்சைக்கு ரத்தம் கொடுக்கப் போன தம்பியிடம், "உங்கள் ரத்தத்தைப் பயன்படுத்த முடியாது, டாக்டரைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைப் பார்க்கும் அட்டை பலருக்குத் தெரிந்திருக்கலாம். ரத்தம் உறைந்தபின் தெளியும் நீரான சீரம் சில சொட்டு விட்டால் பதினைந்து நிமிடத்தில் கோடு ஏறும். முதல் கோடு எல்லோருக்கும் வரும், அட்டை வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி. இரண்டாவது கோடு வரக்கூடாது. தம்பிக்கு இரண்டாவது கோடுதான் முதலில் கண்ணில் பட்டது, அவ்வளவு தடிப்பு. வேறு கம்பெனி அட்டையில் மறுபடி போட்டேன். அதே கோடு.

மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி அளவு சரியாக இருக்கிறது, கண் வெளுப்பாக இருக்கிறது, "வெறும் கேரியர், கவலைப்பட வேண்டாம்" என்றார். வைரஸைச் சுமக்கிறான், நோய் இல்லை என்று அர்த்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. தினமும் பத்துப் பேர் ரத்தத்தைச் சுழற்றும் நானும் அந்த வார்த்தையைத் தலையில் வைத்துக் கும்பிட்டு வீட்டுக்கு வந்தவள்தான். ஒன்பது வருடம் போயிற்று. 2018இல் சர்க்கரை பார்க்கலாம் என்று எடுத்த ரத்தத்தில் ஏதோ தோன்றி எஸ்ஜிபிடியும் போட்டேன். இயல்பைப்போல மூன்று மடங்கு. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு தொடங்கியிருந்தது. கண் மட்டும் அப்போதும் வெளுப்பு.

பிறகு வீட்டில் எல்லோருக்கும் பார்த்தோம். அம்மாவுக்கு அட்டையில் இரண்டு கோடு. எனக்கு ஒன்று. ஆனால் கோயம்புத்தூருக்கு அனுப்பிய விரிவான பரிசோதனையில், வைரஸின் உள்ளோட்டுப் புரதத்துக்கு எதிராக உடல் செய்யும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) எனக்கு இருந்தது. தடுப்பூசியால் அது வராது. வைரஸே உள்ளே வந்திருந்தால்தான் அந்தத் தடம் இருக்கும். இரண்டாவது கோடு இல்லாததால், வந்தது சண்டை போட்டுத் தோற்றுப் போயிருக்கிறது. 1990இல் என் கண்ணை மஞ்சளாக்கியது இந்த வைரஸா, கிணற்றுத் தண்ணீரில் வந்த ஹெபடைடிஸ் ஏ-யா என்று இனி எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. ஏதோ ஒரு வயதில் என் உடல் அதைப் பார்த்து, கத்தி, விரட்டியிருக்கிறது. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே வைரஸ். தம்பியின் உடல் ஏன் கத்தவில்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது என் அப்பாவின் ஞாபகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அப்பா பால் சங்கத்தில் பரிசோதகர். எங்கள் சித்தூர் தாலுகா பக்கம் பால்தான் பாதிக் குடும்பங்களுக்குப் படி. காலை ஐந்தரைக்கு கேன்கள் வரிசையில் நிற்கும். அப்பா பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார். சந்தேகம் வந்தால் ரோசாலிக் அமிலம் ஒரு சொட்டு. சோடா கலந்த பால் ரோஜா நிறத்துக்கு மாறும். அயோடின் ஒரு சொட்டு. மாவு கலந்திருந்தால் நீலம். யார் கலந்தார், எந்த ஊர், எதற்காக என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. பாலில் இருக்கக்கூடாத ஒன்று இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில் தமிழ்நாட்டிலிருந்து வரும் டேங்கரை நிறுத்திப் பார்ப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

பிறவியிலேயே நம் செல்களில் இருக்கும் காவல் ஏற்பிகள், அதாவது அந்நியப் பொருளைத் தொட்டு உணரும் புரதங்கள், செய்வதும் அதே வேலை. தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்பொருள், குற்றவாளியின் புகைப்படத்தைக் கையில் வைத்துத் தேடும் போலீஸ். பிறவிக் காவலுக்குப் புகைப்படம் கிடையாது. பாக்டீரியாவின் சுவர்த் துண்டு, இரட்டை இழை ஆர்என்ஏ என்று நம் செல்லில் சாதாரணமாக இருக்கக்கூடாத சில பொருள்கள் மட்டும் அதற்குத் தெரியும்.

இப்படி ஒரு காவல் இருந்தே ஆகவேண்டும் என்று 1989இல் அமெரிக்க நோயெதிர்ப்பு ஆய்வாளர் சார்லஸ் ஜேன்வே எழுதினார். அப்போது ஆதாரம் இல்லை. ஆதாரம் ஈயிடமிருந்து வந்தது. பழ ஈயின் கருவளர்ச்சியில் 'டோல்' என்று ஒரு மரபணு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஜெர்மன் மொழியில் 'அபாரம்' என்பதுபோல ஒரு வியப்புச் சொல். 1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஜூல் ஹோஃப்மான் குழுவினர் அந்த மரபணு கெட்ட ஈக்கள் பூஞ்சை பிடித்துச் செத்துப்போவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே ஜேன்வேயும் அவருடைய ஆய்வகத்தின் மெட்ஜிதோவும் மனிதனிடம் அதன் உறவைக் கண்டுபிடித்தார்கள். 1998இல் புரூஸ் பாய்ட்லர் எலியில் அது பாக்டீரியா நஞ்சை உணர்வதைக் காட்டினார். 2011 நோபல் பரிசில் ஒரு பாதி ஹோஃப்மானுக்கும் பாய்ட்லருக்கும். மறுபாதி ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு. அவர் அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பே இறந்திருந்தார். ஜேன்வே 2003இலேயே போய்விட்டார். முதலில் சொன்னவருக்குப் பரிசில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை, எனக்கென்னவோ சொந்தக்காரர் போல.

மனிதனுக்கு இந்த டோல் வகை ஏற்பிகள் பத்து. அவற்றில் 3, 7, 8, 9 ஆகிய எண் கொண்டவை செல்லுக்குள் விழுங்கப்பட்ட பைகளில் உட்கார்ந்து வைரஸின் ஆர்என்ஏ, டிஎன்ஏவை மோப்பம் பிடிக்கும். பைகளுக்கு வெளியே, செல்லின் திரவத்திலேயே அலைந்து பார்க்க ரிக்-ஐ, எம்டிஏ-5 என்று இரண்டு. ரிக்-ஐ பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். புரதம் செய்ய நம் உடல் எழுதும் ஒவ்வொரு ஆர்என்ஏ செய்தியின் தலையிலும் ஒரு தொப்பி இருக்கும். வைரஸ் அவசரத்தில் எழுதுவதில் தொப்பி இராது, மூன்று பாஸ்பேட்டுகள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டவுடன் ரிக்-ஐ, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் உட்கார்ந்திருக்கும் 'மேவ்ஸ்' என்ற புரதத்திடம் சேதி சொல்கிறது. அங்கிருந்து செல்லின் உட்கருவுக்குச் சேதி போய், இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரக்கிறது. பக்கத்து செல்கள் கதவைச் சாத்துகின்றன.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், எனக்கே ஒரு வாரம் பிடித்தது. ஏற்பி என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு ஆட்களுக்கும் சொல்கிறார்கள். ஒருவர் காவலாளி, மேலே சொன்னவர்கள். இன்னொன்று வாசல். ஹெபடைடிஸ் பி கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாசலை 2012இல் பெய்ஜிங்கில் கண்டுபிடித்தார்கள். பித்த உப்பை உள்ளே எடுக்கும் புரதம் அது. பித்தம் போகிற வழியில் வைரஸும் போகிறது. வாசல் கூவாது.

சரி, வைரஸ்கள் காவலை எப்படித் தாண்டுகின்றன? ஹெபடைடிஸ் சி முரட்டுத்தனமாகத் தாண்டுகிறது. தன் புரதங்களை அறுத்துப் பிரிக்க அது வைத்திருக்கும் கத்தரி ஒன்று, மேவ்ஸையும் அறுத்துவிடுகிறது. 2005இல் மேவ்ஸைக் கண்டுபிடித்த கையோடு இதையும் கண்டார்கள். அப்பா கலப்படம் என்று எழுதிச் செயலாளருக்கு அனுப்பிய சீட்டை, கொண்டுபோகும் பையனை மடக்கி வழியிலேயே கிழிப்பதுபோல. ஆனாலும் தொற்றாத செல்கள் கூச்சல் போடும், கல்லீரலே பரபரப்பாக இருக்கும். நூற்றுக்கு முப்பது பேர் போலத் தாமாகவே வென்றுவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு இன்று பன்னிரண்டு வார மாத்திரை போதும், 95 சதவீதத்துக்கு மேல் குணம். ஹெபடைடிஸ் ஏ-யும் மேவ்ஸை அறுக்கத்தான் செய்கிறது. இருந்தும் அது யாரிடமும் தங்குவதில்லை.

ஹெபடைடிஸ் பி கத்தரியை எடுப்பதில்லை. அப்பாவுக்குப் பிடிக்காத ஒரு கலப்படம் உண்டு. பாலில் தண்ணீர் ஊற்றினால் டிகிரி இறங்கும், மாட்டிக்கொள்வார்கள். ஆடையை எடுத்தால் டிகிரி ஏறும். கெட்டிக்காரன் இரண்டையும் அளவாகச் செய்வான்: ஆடையை எடுத்து, தண்ணீரை ஊற்றி, லாக்டோமீட்டரை 28இலேயே நிற்க வைப்பான். கருவி பொய் சொல்லாது, பால் பொய் சொல்லும். இந்த வைரஸ் அப்படி. அதன் டிஎன்ஏ நம் செல்லின் உட்கருவுக்குள் போய், நம் குரோமோசோம் போலவே புரதத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறது. அதன் செய்திகளை நம் இயந்திரமே எழுதுகிறது. தொப்பியும் வாலும் நம்முடையதைப் போலவே. ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ செய்யும் அசிங்கமான வேலையைத் தன் ஓட்டுக்குள் மூடி வைத்துச் செய்கிறது. ரிக்-ஐ பார்க்கிறது, டிகிரி சரியாக இருக்கிறது, கேனை உள்ளே விடுகிறது.

2004இல் வீலாண்ட், சிசாரி என்ற ஆய்வாளர்கள் சிம்பன்சிகளின் கல்லீரலில் இதை நேரில் பார்த்தார்கள். வைரஸ் கல்லீரல் முழுவதும் பரவிக்கொண்டிருந்த வாரங்களில் காவல் மரபணுக்களில் சலனமே இல்லை. வாரக்கணக்கில் தாமதித்து, டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்த பிறகுதான் கலவரம். வைரஸ் ஒளிந்துகொள்கிறதா, காவலை அமுக்கவும் செய்கிறதா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. நான் ஒளிகிறது கட்சி.

டி செல்களின் அந்தக் கலவரம்தான் மஞ்சள். என் வேலையில் பலரும் புரிந்துகொள்ளாத விஷயம் இது, நானும் புரியாமல் இருந்தேன். இந்த வைரஸ்கள் பெரும்பாலும் கல்லீரல் செல்லைத் தாமே கொல்வதில்லை. தொற்றிய செல்லை நம் ஆட்களே கொல்கிறார்கள். எஸ்ஜிபிடி ஏறுவது செத்த செல்களிலிருந்து கொட்டிய நொதி. ஹெபடைடிஸ் ஏ விஷயத்தில் இதை 2016இல் எலிகளில் பார்த்தார்கள். மேவ்ஸ் இல்லாத எலிகளில் வைரஸ் பெருகியது, கல்லீரல் வீங்கவே இல்லை. எச்சரிக்கை மணி இல்லாத வீட்டில் திருடனும் வீட்டுக்காரனும் ஒன்றாகத் தூங்குவதுபோல. திண்ணையில் உட்கார்ந்து "வாகு போதாது" என்று என்னைச் சொன்னவர்கள் பார்த்தது, என் உடல் விழித்துக்கொண்ட நாளை. தம்பியின் வெளுத்த கண், விழிக்காத கண்.

அவன் உடல் ஏன் அப்படி என்பதற்குப் பாதி விடை கல்லீரலிடம். அதற்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து நேராக வருகிறது, நாம் தின்றதன் எச்சமும் பாக்டீரியாத் துண்டுகளுமாக. ஒவ்வொன்றுக்கும் மணி அடித்தால் ஒரு சாப்பாடுகூடச் செரிக்காது. அதனால் கல்லீரல் காவலர்கள் பொறுத்துப் போகப் பழகியவர்கள். மூன்று மணி நேரம் பால் மணத்தில் நின்ற அப்பாவுக்கு புளித்த பாலின் வாடை தெரியாமல் போகும், என்னைக் கூப்பிட்டு முகரச் சொல்வார். அப்படித்தான். மறுபாதி வயது. வளர்ந்த பிறகு பி தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்குக்கூடத் தங்குவதில்லை. பிரசவத்தில் தாயிடமிருந்து வந்தால், தடுப்பூசி இல்லாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்குத் தங்கிவிடுகிறது. பச்சைக் குழந்தையின் காவல் முதிராதது. தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி தாண்டி வரும் வைரஸ் புரதம் ஒன்று, இது நம் வீட்டுப் பொருள்தான் என்று குழந்தைக்குக் கற்பித்துவிடுகிறது என்றும் கருதுகிறார்கள். தம்பி 1986இல் பிறந்தான். அம்மாவுக்கு அதற்கு முன், நான் பிறந்த பிறகு எப்போதோ தொற்றியிருக்க வேண்டும்.

இதை அம்மாவிடம் சொன்ன நாளை எழுத எனக்கு மனமில்லை. "நான்தானே கண்ணு அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அன்று மாலை அவனுக்குப் பிடிக்கும் என்று கொழுக்கட்டை பிடித்தார், அவன் ஆறு தின்றான்.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. 1988இல் சென்னையிலிருந்து தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி-யையே கண்டுபிடித்த நோபல் விஞ்ஞானி பிளம்பர்கும் சேர்ந்து, லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் அடையாளம் மறைந்ததாம். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் மற்ற இடங்களிலும் செய்துபார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அம்மாயி எனக்குக் கொடுத்ததில் அன்பு இருந்தது, கசப்பு இருந்தது. விரட்டியது என் உடல். கேரளத்தில் கீழார்நெல்லி என்பார்கள், இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான நம்பிக்கை.

அதைவிட எரிச்சல் எனக்கு 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' டப்பாக்களின் மேல். கூட்டினால் நல்லது என்று யார் சொன்னது? சிலருக்கு ஹெபடைடிஸ் வரும்போது காவல் அளவுமீறிப் பாய்ந்து, சில வாரத்தில் கல்லீரலே கரைந்துபோகிறது. வேண்டியது சரியான நேரத்தில் சரியான அளவு மணி, அதை எந்தப் பொடியும் அளந்து தருவதில்லை. மருந்து நிறுவனங்களே டோல் ஏழை எழுப்ப வெசடோலிமோட், டோல் எட்டை எழுப்ப செல்கன்டோலிமோட் என்று மாத்திரைகள் செய்து தம்பியைப் போன்ற நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். பாதுகாப்பாகத்தான் இருந்தது, வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும் பெரிதாக அசையவில்லை. தூங்குகிறவரை எழுப்பலாம், பொருளைத் தன்னுடையது என்று நம்புகிறவரை எழுப்பி என்ன செய்வது?

ஆகவே தம்பிக்கு டெனோஃபோவிர் மாத்திரை, தினம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. வைரஸ் எழுதுவதை நிறுத்தும், உட்கருவுக்குள் உட்கார்ந்திருப்பதைக் கிளப்பாது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2022இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு இந்த வைரஸ். அதில் பெரும்பாலோர் கண் வெளுப்பாகத்தான் இருக்கும்.

அவன் மனைவிக்குப் பரிசோதித்து, இல்லை என்று தெரிந்து, மூன்று தவணை ஊசியும் போட்டாயிற்று. மகன் 2014இல் பிறந்தவன். ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியவை கேரளமும் தமிழ்நாடும்தான். மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சாவடிக்கு இந்தப் பக்கம் பிறந்திருந்தாலும் அந்தப் பக்கம் பிறந்திருந்தாலும் அவனுக்குக் கிடைத்திருக்கும். பிறந்த நாளிலேயே போடும் முதல் ஊசியும் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு இதை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை தம்பி ஆறு மாதக் கணக்குக்கு வந்தான். ரத்தம் எடுத்து, உறையவிட்டு, சுழற்றி வைத்தேன். குழாயின் மேல்பாதியில் சீரம் தெளிந்து நின்றது, வைக்கோல் நிறத்தில். "மஞ்சளாக இருக்கிறதே, அக்கா" என்றான். எல்லோருக்கும் இந்த நிறம்தான் என்றேன், என்னுடையதும். அவன் நம்பாமல் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஸ்கேனுக்கு அடுத்த வாரம் தேதி குறித்துக் கொடுத்தேன். கறவைக்கு நேரமாகிவிட்டது என்று கையில் ஒட்டிய பஞ்சோடு வண்டியைக் கிளப்பிப் போனான்.